பொறியாளரும் கைவினையாளரும்

காரைக்கால்மேடு கடலோடு பிறந்து கடலோடு வாழும் ஊர். தறியும் ஏரும் இவ்வூரின் பிழைப்பு அல்ல. வலையும் படகுமே இங்குள்ள மக்களின் உடைமை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில் இவ்வூர் பட்ட துயரத்தை இன்றும் முதியோர் கண்ணீருடன் சொல்லக் கேட்கலாம். நெசவாளருக்கும் உழவருக்குமான இவ்விதழில் மீனவர் ஊரைப் பற்றிய பேச்சு எதற்கு என்று அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். அங்கே நாம் கண்ட வழக்கு நெசவாளருக்கும் உழவருக்கும் பழக்கமான வழக்கே ஆதலால் அதனை இங்கே எழுதத் துணிந்தோம்.

கருவாடு உலர்த்தும் மகளிர் சிலர் சேர்ந்து ஒரு பொதுக் களம் அமைக்கக் கடன் கோரியிருந்தனர். அதனைப் பார்வையிட்டு அறிக்கை எழுதும் பொருட்டு நாம் அவ்வூருக்குச் சென்றோம். களத்தின் வரைபடத்தை எழுதியவர் அவ்வூரில் பிறந்து பொறியியல் பட்டம் பெற்ற இளைஞர். படகுகளின் உருவங்களை மரத்தில் செதுக்குவதிலும் படம் எழுதுவதிலும் கைதேர்ந்தவர். மணலில் மீனைப் பரப்பினால் மண் ஒட்டுகிறது, ஈரம் ஏறுகிறது, நாயும் காகமும் வாய் வைக்கின்றன என்பதைச் சிறு வயது முதல் கண்டிருந்த அவர், சவுக்குக் கழிகளை நட்டு, பழைய வலையை அவற்றின் மேல் இறுகக் கட்டி, இடுப்புயரத்தில் ஒரு பரண் செய்து காட்டினார். காற்று மேலும் கீழும் புகுவதால் மீன் விரைவில் உலர்ந்தது, மண்ணும் ஒட்டவில்லை. பரண் பார்ப்பதற்கும் அழகாகவே இருந்தது.

ஆயினும் மகளிர் அதனை இரண்டு வாரங்களுக்கு மேல் பயன்படுத்தவில்லை. மீண்டும் மணலுக்கே திரும்பிவிட்டனர். இளைஞர் மனம் நொந்து, "நல்லதைச் சொன்னால் இவர்கள் ஏற்பதில்லை, ஐயா" என்றார். அருகில் நின்ற ஒரு மூதாட்டியோ சிரித்துக்கொண்டே, "தம்பி நல்ல பிள்ளைதான், ஐயா. நாங்கள் எப்படி உட்காருவோம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. எவர் பக்கம் நின்று அறிக்கை எழுதுவது என்ற கவலையோடு திரும்பிய நமக்கு, நூறு ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியோடு நம் நாட்டில் போராடிய ஒரு பொறியாளரின் வரலாறு நினைவுக்கு வந்தது.

ஆல்பிரட் சாட்டர்டன்

1866-இல் இங்கிலாந்தில் பிறந்த ஆல்பிரட் சாட்டர்டன் 1888-இல் சென்னைப் பொறியியற் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தார். அக்கல்லூரி அப்போது கிண்டிக்குச் செல்லவில்லை, சேப்பாக்கத்தில் நடந்துவந்தது. பாலமும் அணையும் கட்டும் கணக்கைக் கற்பிக்க வந்த அவர், பின்னர் சென்னைக் கலைத் தொழிற்பள்ளியின் பொறுப்பையும் ஏற்க நேர்ந்தது. அப்பள்ளி 1850-இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் என்பவரால் தொடங்கப் பெற்றது. சில ஆண்டுகளில் அரசாங்கம் அதனை எடுத்துக்கொண்டது. இன்று அதுவே சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியாக விளங்குகிறது. படம் எழுதுவோரும் உலோகத்தில் வேலை செய்வோரும் மரம் செதுக்குவோரும் ஒரே கூரையின் கீழ்ப் பயின்ற இடம் அது. அங்கேதான் பொறியாளரின் அளவுகோலும் கைவினைஞரின் கண்ணளவும் நேருக்கு நேர் சந்தித்தன.

அக்காலத்தில் அலுமினியம் ஒரு புதிய பொருள். 1886-இல் அமெரிக்காவில் ஹால் என்பவரும் பிரான்சில் எரூ என்பவரும் தனித்தனியே மின்சாரத்தால் அதனைப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்ட பின்னரே அதன் விலை இறங்கிற்று. அதற்கு முன்னர் அஃது அருமைப் பொருளாகவே எண்ணப்பட்டது. சாட்டர்டன் 1898-ஆம் ஆண்டு வாக்கில் அலுமினியத் தகட்டை வரவழைத்துக் கலைத் தொழிற்பள்ளியில் இருந்த கன்னார்களின் கையில் கொடுத்தார். செம்பையும் பித்தளையையும் தட்டித் தட்டிப் பாத்திரமாக்கி வழிவழி வந்த கைகள் அவை. புதிய உலோகத்தின் இயல்பை அறிந்துகொள்ள அவர்களுக்கு நெடுங்காலம் பிடிக்கவில்லை. பழைய சுத்தியலும் பழைய பட்டறையும் பழைய வடிவங்களுமே பயன்பட்டன. பொருள் மட்டுமே புதிது. செம்புப் பாத்திரத்தைப் போல் அடிக்கடி ஈயம் பூச வேண்டிய தொல்லை இல்லை, எடையும் குறைவு. மக்கள் விரும்பி வாங்கினர். இலாபமும் வந்தது. 1903-இல் அவ்வேலையைத் தனியார் கம்பெனி ஒன்று ஏற்று நடத்தத் தொடங்கிற்று. பேரளத்திலிருந்து நம் காரைக்காலுக்கு ரயில் வந்ததும் அந்த 1898-இல்தான். பிரெஞ்சு எல்லையைக் கடந்து புதிய பாத்திரமும் புதிய செய்தியும் வருவதற்கு அப்போது வழி திறந்திருந்தது.

இவ்வெற்றிக்குக் காரணம் யாது? பொறியாளர் கன்னாரை அவருடைய தொழிலிலிருந்து வெளியேற்றவில்லை. அவர் அறிந்த கைத்திறனை அப்படியே வைத்துக்கொண்டு, அவர் அறியாத ஒன்றை மட்டும் கொண்டுவந்து சேர்த்தார். இதனை நாம் முதலாவதாக மனத்திற் கொள்ள வேண்டும்.

தோலும் நீரும்

அடுத்து அவர் கவனம் தோலின் மேல் சென்றது. நம் நாட்டில் ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிடுவது தொன்றுதொட்ட வழக்கம். அவ்வாறு பதனிட்ட தோல் பல வேலைகளுக்கு உகந்ததே. ஆயினும் நாள்தோறும் நீரில் நனைந்து வெயிலில் காயும் கமலைச் சாலுக்கு அது நெடுநாள் தாங்குவதில்லை. குரோமிய உப்பைக் கொண்டு பதனிட்ட தோலோ நீரை நன்கு தாங்கும். 1903 முதல் சாட்டர்டன் சென்னையில் அம்முறையைச் சோதித்து, கிணற்றுச் சாலுக்கும் செருப்புக்கும் ஏற்ற தோலை உருவாக்கினார். பாசனத்தில் உழவர் படும் துன்பமே ஒரு கைத்தொழிலின் சீர்திருத்தத்திற்கு வித்தாயிற்று என்பது கருதத்தக்கது.

அத்துடன் அவர் நிற்கவில்லை. எண்ணெய் எஞ்சினையும் சுழல் பம்பையும் கிணற்றடிக்குக் கொண்டுவந்தார். ஒரு ஜோடி மாடு நாள் முழுதும் முன்னும் பின்னும் நடந்து இறைக்கும் நீர் எவ்வளவு, அதற்கு ஆகும் தீனிச் செலவும் ஆள் செலவும் எவ்வளவு, அதே நீரை எஞ்சின் இறைத்தால் எண்ணெய்ச் செலவு எவ்வளவு, எஞ்சின் வாங்கிய முதலுக்கு வட்டி எவ்வளவு என்று கணக்கிட்டுக் காட்டினார். சிறிய கிணற்றுக்கு எஞ்சின் நட்டம், ஊற்று மிகுந்த கிணற்றுக்கே அது கட்டுபடியாகும் என்பதே அக்கணக்கின் சாரம். பம்பைப் புகழ்வதோடு நில்லாமல், எந்தக் கிணற்றுக்கு அது வேண்டாம் என்பதையும் அக்கணக்கு சொல்லிற்று. நீர் இறைப்பு பற்றி அவர் எழுதிய நூல் 1912-இல் வெளிவந்தது.

சேலத்துப் பாடம்

இனி நெசவாளர் அறிய வேண்டிய பகுதிக்கு வருவோம். 1733-இல் இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும் பொறியைக் கண்டார். பழைய முறையில் நெசவாளர் ஒரு கையால் நாடாவை எறிந்து மறு கையால் பிடிக்க வேண்டும். துணியின் அகலம் அவருடைய கைநீட்டத்துக்கு உட்பட்டது. புதிய முறையில் ஒரு கை கயிற்றை இழுக்கும். மறு கை பலகையை ஆட்டி ஊடையை அடிக்கும். ஏறத்தாழ இரு மடங்கு துணி நெய்யலாம். நம் நாட்டுக் கைத்தறிக்கு இது வேண்டும் என்று அக்காலத்தில் வற்புறுத்தியவர்களில் ஈ. பி. ஹாவெல் முதன்மையானவர். சென்னைக் கலைத் தொழிற்பள்ளியில் 1884 முதல் சில ஆண்டுகள் தலைமை வகித்துப் பின்னர் கல்கத்தா கலைப்பள்ளிக்குச் சென்றவர் அவர். அகமதுநகரில் இருந்த அமெரிக்கப் பாதிரியாரும் பொறியியல் கற்றவருமான சர்ச்சில் என்பவரும் கைத்தறியைத் திருத்தும் வேலையில் ஈடுபட்டிருந்தார்.

சாட்டர்டன் 1906-இல் சேலத்தில் அரசாங்கச் செலவில் ஒரு நெசவுச்சாலை திறந்தார். நாடா ஓடும் தறிகளை வரிசையாக வைத்து, நெசவாளரைக் கூலிக்கு அமர்த்தி, ஓரிடத்தில் ஒழுங்காக வேலை வாங்கினால் கைத்தறி பிழைக்கும் என்பது அவர் எண்ணம். தறியைப் பொறுத்தவரை அவர் எண்ணம் பழுதுபடவில்லை. புதிய தறி மிகுதியாகவே நெய்தது. நெசவாளர் மட்டும் நிலைத்து நிற்கவில்லை. சில நாள் வந்தனர், பல நாள் வாராதிருந்தனர். மணி அடித்தால் வருவதும் மணி அடித்தால் போவதும் அவர்களுக்கு ஒவ்வவில்லை.

இதனைச் சோம்பல் என்று அக்கால அதிகாரிகள் சிலர் கருதினர். தறியடியில் வளர்ந்த எவரும் அவ்வாறு சொல்லமாட்டார். நெசவு என்பது ஒருவர் தொழில் அன்று. ஒரு குடும்பத்தின் தொழில். மனைவி நூல் சுற்றுவாள். பிள்ளைகள் தார் சுற்றித் தருவர். முதியவர் இழை முடிவார். பாவு ஓட்டும்போது தெருவே கூடும். நெசவாளரை மட்டும் பிரித்துச் சாலைக்குள் அமர்த்தினால் அவர் ஒருவரின் கூலியே வீடு வரும். மற்ற நால்வர் கை வெறுமையாகும். மேலும் பலர் முன்பணம் வாங்கி முதலாளி நெசவாளரிடம் கட்டுண்டு கிடந்தனர். அக்கடனை அடைக்க வழி சொல்லாமல் புதிய தறியை மட்டும் காட்டினால் அவர் எவ்வாறு விடுபட்டு வருவார்? தறியின் பொறி நுட்பத்தை அறிந்த பொறியாளர், தறியைச் சூழ்ந்த குடும்பத்தின் நுட்பத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பதே நம் கருத்து.

இன்னொன்றும் உண்டு. எல்லாத் துணிக்கும் ஓடும் நாடா ஒவ்வாது. காஞ்சிபுரத்தில் உடலும் கரையும் வெவ்வேறு நிறமாகக் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். துணையாள் ஒருவர் அருகிருந்து ஒரு பக்கக் கரைக்கு நாடா எறிவார். அங்கே பழைய கையெறி முறையே கலை. சாதாரண வேட்டிக்கும் துண்டுக்கும் வேகம் வேண்டும். கோர்வைக்குப் பொறுமை வேண்டும். இரண்டையும் ஒரே கோலால் அளக்கலாகாது.

மேலிடத்து ஆணையும் பிந்திய விளைவும்

1908-இல் உதகமண்டலத்தில் தொழில் மாநாடு ஒன்று கூடிற்று. அரசாங்கமே முன்னோடியாக நின்று தொழில்களைச் சோதித்துக் காட்ட வேண்டும் என்ற கொள்கைக்கு அது வலுவூட்டிற்று. ஆனால் சென்னையிலிருந்த ஐரோப்பிய வணிகர் இதனை விரும்பவில்லை. அரசாங்கம் தொழில் நடத்துவது தனியார் வணிகத்தில் குறுக்கிடுவதாகும் என்று முறையிட்டனர். இந்தியா மந்திரியாயிருந்த மார்லி பிரபு 1910-இல் எழுதிய ஆணையில் அரசாங்கம் தொழில் நடத்துவதை ஒப்பவில்லை. சேலத்து நெசவுச்சாலை மூடப்பட்டது. தோல் பதனிடும் சாலையும் கைமாறிற்று. சாட்டர்டன் 1912-இல் மைசூர் சமஸ்தானத்துக்குச் சென்று, மற்றொரு பொறியாளராகிய விசுவேசுவரய்யா திவானாயிருந்த காலத்தில் அங்கே தொழில் துறைக்குத் தலைமை தாங்கினார். 1916-இல் அமைக்கப்பெற்ற இந்தியத் தொழில் கமிஷனிலும் உறுப்பினராயிருந்தார். 1958-இல் காலமானார்.

சேலத்துச் சாலை மூடப்பட்டதனால் ஓடும் நாடா மறைந்துவிடவில்லை. சில ஆண்டுகளில் தொழில் துறை மீண்டும் அமைந்தபோது, நெசவாளரைச் சாலைக்கு அழைப்பதை விட்டு, தறியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் செயல்காட்டுக் குழுக்கள் ஏற்பட்டன. நெசவாளரின் வீட்டிலேயே, அவருடைய குழித்தறியிலேயே, புதிய பலகையும் கயிறும் பொருத்திக் காட்டினர். வீடு கலையவில்லை, குடும்பம் பிரியவில்லை, தறி மட்டும் விரைந்தது. நாடா ஓடும் தறி தமிழகமெங்கும் பரவிற்று. சாலைக்குள் தோற்ற பொறி வீட்டுக்குள் வென்றது.

எஞ்சியிருந்த தடை நூலும் கடனும் சந்தையும். அவை பொறியாளரால் தீர்க்கக் கூடியவை அல்ல. சாட்டர்டன் உழைத்த அதே காலத்தில், பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி ஐரோப்பிய நாணய சங்கங்களை ஆராய்ந்து சென்னை அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதியிருந்தார். 1904-இல் கூட்டுறவு நாணய சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரிலும் காஞ்சிபுரத்திலும் சங்கங்கள் தோன்றின. 1935-இல் கைத்தறி நெசவாளரின் மாகாணக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அதனையே இன்று கோ-ஆப்டெக்ஸ் என்று அறிகிறோம். நல்ல தறி ஒரு கை என்றால், நல்ல சங்கம் மறு கை. சாட்டர்டனுக்கு ஒரு கை இருந்தது. மறு கை அவர் அருகிலேயே வளர்ந்துகொண்டிருந்தும் இரண்டும் சேரவில்லை.

இங்கே இன்னொருவரையும் நினைவுகூர்தல் தகும். கொழும்பில் 1877-இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி முதலில் கற்றது மண்ணூல். இலங்கையின் கனிமப் பொருள்களை ஆராயும் துறையின் தலைவராய் ஊர் ஊராகச் சுற்றியபோதே அவர் கண் கல்லை விட்டுக் கைவினைஞர் மேல் சென்றது. அதன் விளைவாக இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றிய அவருடைய பெருநூல் 1908-இல் வெளிவந்தது. சாட்டர்டன் கைவினைஞரிடம் கணக்கோடு சென்றார். குமாரசுவாமி வணக்கத்தோடு சென்றார். கணக்கு மட்டும் இருந்தால் சேலத்துச் சாலை போல் ஆள் இன்றி வெறிச்சோடும். வணக்கம் மட்டும் இருந்தால் கைவினைஞர் போற்றப்படுவார். அவர் அடுப்பு எரியாது.

நம் பிழையும் காரைக்கால்மேட்டுப் பரணும்

பிறர் பிழையை எழுதும்போது தம் பிழையை மறைத்தல் முறையன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்துக்குப் பொதுக் கொட்டகை கட்டலாம் என்று பரிந்துரை செய்தோம். வெளிச்சமும் காற்றும் உள்ள கொட்டகை, வரிசையாகத் தறிகள். தணிக்கைக்கு மறு ஆண்டு சென்றபோது, பாதித் தறிகளில் சிலந்தி வலை பின்னியிருந்தது. அங்கத்தினர்கள் வீட்டில் நெய்துகொண்டிருந்தனர். கடன் தவணையை மட்டும் சங்கம் தவறாது கட்டிக்கொண்டிருந்தது. பாலூட்டும் தாயும் படுத்த படுக்கையான மாமியாரும் உள்ள வீட்டிலிருந்து ஒரு பெண் எப்படி எட்டு மணி நேரம் கொட்டகைக்கு வருவாள் என்று நாம் எவரையும் கேட்கவில்லை. சேலத்து வரலாற்றைக் கல்லூரியில் படித்திருந்தும் அதன் பொருள் அன்றுதான் நமக்கு விளங்கிற்று.

ஆதலின் காரைக்கால்மேட்டுக்கு மறுபடியும் சென்றோம். இம்முறை வரைபடத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, மீன் வந்து இறங்கும் விடியற்காலையிலிருந்து மகளிர் வேலை செய்வதை அந்த இளைஞரும் நாமும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர்கள் அமர்ந்தே மீனைக் கீறி, அமர்ந்தே உப்பிட்டு, அமர்ந்தபடியே நகர்ந்து பரப்பினர். இடுப்புயரப் பரணுக்கு ஒவ்வொரு கூடைக்கும் எழுந்து நிற்க வேண்டும்; முதிய முழங்கால்களுக்கு அது தண்டனை. வீட்டு வாசலில் உலர்த்தினால் சோறு வடித்துக்கொண்டே காகத்தை விரட்டலாம். பொதுக் களம் என்றால் ஒருவர் அங்கேயே காவல் இருக்க வேண்டும். மழை இருண்டு வந்தால் வாசலில் உள்ளதை நொடியில் வாரி உள்ளே வைக்கலாம். களத்திலிருந்து எவ்வாறு ஓடிவருவது?

இளைஞர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பத்து நாட்களில் புதிய பரண் ஒன்று செய்தார். முழங்கால் உயரம், இருவர் தூக்கினால் நகரும், நான்கு கால்களும் மடங்கும், மழை வந்தால் மீனோடு சேர்த்துத் திண்ணைக்கு ஏற்றலாம். வலையை இழுத்துக் கட்டும் முடிச்சு மட்டும் அவருக்குச் சரிவரவில்லை, தொய்ந்துகொண்டே இருந்தது. முன்பு சிரித்த அதே மூதாட்டி அருகில் வந்து, "இது உன் படிப்பில் இல்லை, பேராண்டி. கொடு இங்கே" என்று வாங்கி, வலை பொத்தும் முடிச்சொன்றைப் போட்டுக் கொடுத்தார். அதன் பின் வலை தொய்யவில்லை.

நம் அறிக்கையில் பொதுக் களத்துக்கான கடனைப் பரிந்துரைக்கவில்லை. அதற்குப் பதிலாக, வீட்டுக்கு ஒரு பரண் செய்யச் சிறு கடனும், உலர்ந்த மீனைச் சேர்த்து வைத்து விலை ஏறும்போது விற்பதற்கு ஒரு பொதுச் சேமிப்பறையும் பரிந்துரைத்தோம். உலர்த்துவது வீட்டு வேலை; விற்பது கூட்டு வேலை. எதனைத் தனியே செய்ய வேண்டும், எதனைக் கூடிச் செய்ய வேண்டும் என்று பகுத்தறிவதே கூட்டுறவின் முதற் கடமை என்று கருதுகிறோம். மேலிடத்தார் அப்பரிந்துரையை ஏற்பார்களா என்பது இன்னும் தெரியவில்லை. ஏற்காவிடினும், மூன்று வீட்டு வாசல்களில் இப்போதே பரண் நிற்கிறது.

அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று பெருந்தொகையாகப் பொறியியல் கற்கின்றனர். கற்றுவிட்டு வந்து தறியையோ ஏற்றத்தையோ தொட்டால், "உனக்கு ஏன் இந்த வேலை?" என்று விரட்டாதீர்கள். அவர்கள் வரைந்து காட்டுவதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் வேண்டாம். உங்கள் தறியடியில் ஒரு வாரம் அமரச் சொல்லுங்கள். பாவு ஓட்டும்போது ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்த முடிச்சை அவர்களுக்குக் கற்றுக் கொடுங்கள். அதன் பிறகு அவர்கள் வரையும் படத்தைச் சங்கத்தின் பொதுக் கூட்டத்தில் விரித்து வைத்து எல்லோரும் கேள்வி கேளுங்கள். அந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லித் தேறிய கருவிக்கே சங்கத்தின் பணத்தைச் செலவிடுங்கள்.